இடது இறக்கைக்குச் சந்தனம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
பெங்களூரு, 22.01.2025

19.01.2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 42 நிமிடம். விமானம் ஒன்று. பறந்த நேரம் 11 விநாடி. உயிரிழப்பு ஒன்று: கிடாய், கறுப்பு, வயது சுமார் இரண்டு, உரிமையாளர் திருமதி சிவனம்மாள்.

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் தம்பி மகன் பழனிக்குமார் எழுதுவது. நான் நலம். நீங்கள் முழங்கால் வலி நீங்கலாக நலம் என்பதை மூன்று நாளுக்கு முன் நேரிலேயே பார்த்துவிட்டதால் தனியாகக் கேட்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் கம்பெனி விதிப்படி, விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பதிவுத் தபாலில்தான் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நீங்கள். ஆகவே தெரிவிக்கிறேன்.

நடந்தது இதுதான். ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் தென்னை மரங்களை மேலிருந்து படமெடுத்து எண்ணும் வேலைக்காக உங்கள் தோட்டத்திலிருந்து விமானத்தை ஏவினேன். ஆள் ஏறும் விமானம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் படிவம் படிப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்: தெர்மோகோல் உடல், இரண்டு மீட்டர் இறக்கை, மூன்று கிலோ நானூறு கிராம். ஒருவர் கையில் தூக்கி வீச வேண்டும், இன்னொருவர் ரிமோட்டில் ஓட்ட வேண்டும். வீசியவர் உங்கள் மருமகள் மணிமேகலை அக்கா. ஓட்டியவன் நான். நான்காம் விநாடியில் இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் திருப்பினேன். இன்னும் இடப்பக்கம் சாய்ந்தது. ஒன்பதாம் விநாடியில் தென்னை மரத்தில் மோதி, இடது இறக்கை பிய்ந்து கருப்பசாமி பீடத்தில் விழுந்தது. மீதி விமானம் கிடாயின் தலையில் விழுந்தது. கிடாய்க்கு வலி தெரிய நேரம் இருந்திருக்காது.

காரணம்: வீசியவருக்குப் பயிற்சி போதாது. விமானத்தின் மூக்கு பதினைந்து டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு டிகிரியில் வீசப்பட்டது. இது யார் மீதும் கோபம் அல்ல. தொழில்நுட்பம்.

எனக்குத் தேவையானவை இரண்டு. ஒன்று, கிடாயைக் கால்நடை மருத்துவர் பரிசோதித்து எடையுடன் தரும் சான்று. இரண்டு, அந்த இடது இறக்கை. பூசாரி எடுக்க விடாததால் விட்டுவிட்டு வந்தேன். அட்டைப் பெட்டியில் கட்டி உடனே அனுப்புங்கள். இறக்கைதான் அவசரம்.

கொடுத்துவிட்ட ஊறுகாய் நன்றாக இருக்கிறது. உப்பு கூடுதல்.

தங்கள் உண்மையுள்ள,
ச. பழனிக்குமார்


பதிவுத் தபால்
மேட்டுக்களம், 03.02.2025

மருமகன் பழனிக்கு அத்தை சிவனம்மா சொல்லி எழுதுறது. நான் சொல்றேன், மணிமேகலை எழுதுது. நான் நல்லா இருக்கேன். ஒன்னைய மாதிரி ஒரு மருமகன் இருக்குறப்ப எம்புட்டு நல்லா இருக்க முடியுமோ அம்புட்டு நல்லா இருக்கேன்.

ஏலே, ரிசிஸ்தரா அனுப்புற? நம்ம வகையறாவுல ரிசிஸ்தர் வந்தது ரெண்டே தடவ. ஒண்ணு வரப்புத் தகராறுல வக்கீல் விட்டது. இன்னொண்ணு நீ விட்டது. தபால்காரரு தெரு நடுவுல வண்டிய நிப்பாட்டி, "சிவனம்மா, பெங்களூருல இருந்து ரிசிஸ்தர், வந்து கைநாட்டு வையி"ன்னு சத்தம் போடுறாரு. எதுத்த வீட்டுப் பேச்சாயி வெளக்குமாத்தோட ஓடி வாரா. "என்னக்கா, தம்பி மகன் ஒம்மேல கேஸ் போட்டுட்டானா?"ங்கிறா. "கேஸ் போடலடி, ஆட்டக் கொன்னதுக்கு ரசீது அனுப்பிருக்கான்"னேன்.

இனிமே போன் பண்ணாத. எடுக்க மாட்டேன். எழுத்துல ஆரம்பிச்சவன் நீ, எழுத்துலயே பேசு. இதையும் ரிசிஸ்தர்லதான் அனுப்புறேன். நீயும் தெருவுல நின்னு கையெழுத்துப் போடு.

அது என்ன கிடான்னு ஒனக்குத் தெரியுமா? மணிமேகலை கவுருமெண்டு பரிச்சை, குரூப் ஃபோரு, பாசாயிட்டா ஒனக்கு ஒரு கறுப்புக் கிடான்னு கருப்பசாமிக்கு நேந்துவிட்டது. அவளும் மாட்டக் கறந்துக்கிட்டே படிச்சுப் பாசாயிட்டா. சித்திரை கடைசி வெள்ளி வெட்டணும். நீ தையிலயே பிளேன விட்டு வெட்டிப்புட்ட.

டாக்டரு சீட்டு கேக்குற. பொதச்சுட்டோம். சாமிக்கு விட்ட கிடா தலையில தண்ணி ஊத்துனா, அது ஒடம்பச் சிலுப்பி சரின்னு சொல்லணும். அதுக்குப் பெறகுதான் அருவா. ஒம் பிளேன் தண்ணி ஊத்துச்சா, கேட்டுச்சா? சிலுப்பாமச் செத்ததத் திங்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. தெருவே சட்டியோட நிக்க, தென்னைக்கு அடியில குழி வெட்டிப் பொதச்சோம். பேச்சாயி தேம்பித் தேம்பி அழுதா. கிடாய்க்கு அழுதாளா கறிக்கு அழுதாளான்னு தெரியல. இப்ப அதத் தோண்டி எடை போடவா?

றெக்க கெடையாது. சாமி காலடியில விழுந்தது சாமிக்கு.

ஊறுகாய்க்கு உப்பு கூடன்னா சோத்தக் கூட்டித் தின்னு. மெலிஞ்சு போயிருந்த.

சிவனம்மா, கைநாட்டு

எழுதியது மணிமேகலை. எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது. திட்டு அத்தையுடையது.


பெங்களூரு, 09.02.2025

அன்புள்ள அத்தைக்கு, நலம். நீங்கள் நலமாக இருப்பது திட்டின் நீளத்திலேயே தெரிகிறது.

உங்கள் பதிவுத் தபால் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். தபால்காரர் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை தபால் நிலையத்தில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்று வாங்கினேன். பின்னால் நின்றவர், "கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டார். "அத்தை" என்றேன். அவர் அதைவிடப் பயந்துபோனார். உங்கள் நோக்கம் நிறைவேறியது.

கிடாய் சிலுப்புவது பற்றி: தோலில் குளிர்ந்த நீர் பட்டால் எந்த விலங்கும் உடம்பை உதறும். நாய் உதறும், எருமை உதறும், என் மேல் ஊற்றினால் நானும் உதறுவேன். அது நரம்பின் வேலை. சம்மதம் அல்ல. ஆகவே அந்தக் கிடாய் சம்மதிக்கவில்லை என்று வருந்துவதற்கு ஒன்றுமில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் சம்மதித்திருக்காது.

சான்று இல்லாவிட்டால் போகட்டும். கிடாயின் உயரத்தையும் மார்புச் சுற்றளவையும் நினைவிலிருந்து சொல்லுங்கள். அதிலிருந்து எடையைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. கம்பெனி அதற்குரிய நஷ்டஈட்டைத் தரும்.

முதல் கடிதத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இறக்கை மீண்டும் தேவை. அனுப்பும்வரை அதை யாரும் தொடக் கூடாது. முக்கியமாக அதிலிருந்து தொங்கும் வயரை யாரும் பிடுங்கவோ, உற்றுப் பார்க்கவோ வேண்டாம்.

பழனிக்குமார்


பதிவுத் தபால்
மேட்டுக்களம், 21.02.2025

மருமகன் பழனிக்கு. நல்லா இருக்கியா? சளி கிளி புடிச்சிருக்கா? அந்த ஊர்க் குளுருக்கு மஞ்சத் தூளு போட்டுப் பாலு குடி.

ஆட்ட எடை போட்டு வாங்குறதுக்கு அது கறிக்கடை ஆடா? சூத்திரம் சொல்றான் சூத்திரம். ஒங் கம்பெனிக் காசு எனக்கு வேணாம். அதே மாதிரி கறுப்புக் கிடா, வெள்ள முடி ஒண்ணு இருக்கப்படாது, காது அறுந்திருக்கப்படாது. நீயே வாங்கணும், நீயே புடிச்சுக்கிட்டு வரணும், நீயே தண்ணி ஊத்தணும். அது சிலுப்புற வரைக்கும் நீயே நிக்கணும். நரம்புன்னு சொன்ன இல்ல, அந்த நரம்ப நீயே வரவழை.

இங்க ஒரு கூத்து. ஒன் றெக்கைக்குப் பூசாரி சந்தனம் பூசி, பொட்டு வச்சு, சாமி அருவா பக்கத்துல சாத்தி வச்சுட்டாரு. நத்தத்துல இருந்து ஒரு அம்மா எதார்த்தமா கும்புட வந்துச்சு. மகனுக்குச் சிங்கப்பூரு விசா எட்டு மாசமா இழுத்துக்கிட்டே இருந்துச்சாம். "இது என்ன சாமி?"ன்னு கேட்டுச்சு. பூசாரி, "கருப்பன் பிளேன்ல வந்து கிடாய எடுத்துக்கிட்டான்மா"ன்னாரு. அந்த அம்மா றெக்கையத் தொட்டுக் கும்புட்டுப் போச்சு. மூணாம் நாளு விசா வந்துருச்சு.

அம்புட்டுத்தான். இப்ப வெள்ளிக்கெழம ஆனா நிக்க எடமில்ல. பாஸ்போர்ட்டக் கொண்டாந்து றெக்கை மேல வச்சு எடுக்குறாக. ஆத்தூருல இருந்து ஒரு பய, "துபாயிக்கு இதே றெக்கையா, இல்ல அந்தப் பக்கத்து றெக்கையா?"ன்னு கேக்குறான். பேச்சாயி எலுமிச்சம்பழக் கடை போட்டுட்டா. கிடாய்க்கு அழுததுக்கு இப்பச் சேத்து வச்சுச் சிரிக்கிறா.

இந்த லெச்சணத்துல றெக்கையப் பொட்டியில கட்டி அனுப்புன்னு நான் போய்க் கேட்டா, என்னையத்தான் பொட்டியில கட்டுவாக.

சிவனம்மா, கைநாட்டு

தம்பி, வயரை யாரும் தொடக் கூடாது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் பூ வைக்கிறவள் நான்தான். பத்திரமாக இருக்கிறது. மணிமேகலை.


பெங்களூரு, 26.02.2025

அன்புள்ள அத்தைக்கு, நலம். சளி இல்லை. மஞ்சள் பால் குடிக்கவில்லை.

அந்த விசாவுக்கும் என் இறக்கைக்கும் சம்பந்தமில்லை. எட்டு மாதம் ஆன விசா எப்படியும் வந்திருக்கும். பதினோரு விநாடியில் விழுந்த விமானத்தை வெளிநாட்டுப் பயணத்துக்குக் கும்பிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம் என்று பூசாரியிடம் சொல்லுங்கள்.

கிடாய் பற்றிய உங்கள் நிபந்தனைகளை ஏற்கிறேன். வேறு வழியில்லை.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வீசியவர் என்ற முறையில் மணிமேகலை அக்கா கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு கையெழுத்து, பத்து விநாடி வேலை. அது வராவிட்டால் விபத்து ஓட்டியவன் கணக்கில் சேரும். என் பைலட் சான்றிதழை மூன்று மாதம் முடக்குவார்கள். இந்த வேலையில் நான் சேர்ந்தே ஏழு மாதம்தான் ஆகிறது, அதற்கு முன் இரண்டு வருடம் சும்மா இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அதைத் தெரு முழுக்கச் சொன்னவர்.

பதினைந்து நாளுக்குள் வேண்டும்.

பழனிக்குமார்


பதிவுத் தபால்
மேட்டுக்களம், 20.03.2025

மருமகன் பழனிக்கு. நாங்க நல்லா இருக்கோம். வெயிலு இப்பவே மண்டையப் பொளக்குது. ஒம் மச்சான் முருகேசன் லாரி எடுத்துக்கிட்டு வடக்க போயி இருவது நாளாச்சு. போன்ல பேசுனான். "எம்பொண்டாட்டி வேலைக்குப் போகப் போறா, இனி நான் வீட்டுல இருந்து மாடு கறக்குறேன்"ங்கிறான். மாடு சம்மதிக்கணுமே. அதுவும் சிலுப்பணும்.

மணிமேகலை சர்ட்டிபிகேட்டக் காட்ட மெட்ராசுக்குப் போயிட்டு வந்துச்சு. அதான் கடுதாசி தாமசம். எல்லாம் சரியா இருக்காம். இன்னும் போலீசு விசாரணை மட்டும் பாக்கி. நாலு பக்கப் பாரம் ஒண்ணு குடுத்திருக்காக. அத எழுதிக் குடுத்துட்டா ஆர்டரு வந்துரும். நம்ம வீட்டுல மொத கவுருமெண்டு ஆளு. இந்தத் தெருவுலயே மொத ஆளு.

கிடா வெசயம். வியாழக்கெழம அய்யலூரு சந்தைக்கு ஆள் விட்டுப் பாத்தேன். கறுப்பு கெடைக்குது, ஆனா வவுத்துல ஒரு வெள்ள இருக்கு. மை பூசித் தாரேங்கிறானாம் யாவாரி. சாமிய ஏமாத்தவான்னு போன ஆளு திரும்பி வந்துட்டாரு. நீ வந்து பாரு.

ஏதோ தாள் அனுப்பிருக்கியாமே, மணிமேகலை கையெழுத்துப் போடணும்னு. "என்ன தாளு ஆத்தா?"ன்னு கேட்டேன். "தென்ன மரம் எண்ணுனதுக்குச் சாட்சிக் கையெழுத்து"ன்னுச்சு. "போட்டு விடு, பய அவசரப்படுவான்"னேன். "சரித்தே"ன்னுச்சு. போட்டுச்சா என்னன்னு தெரியல. கேளு.

சிவனம்மா, கைநாட்டு


பெங்களூரு, 25.03.2025

மணிமேகலை அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

படிவம் வரவில்லை. இருபத்தேழு நாள் ஆகிறது. அத்தையிடம் தென்னை எண்ணியதற்குச் சாட்சி என்று ஏன் சொன்னீர்கள்? படிவத்தின் தலைப்பிலேயே 'விபத்து' என்று பெரிதாக இருக்கிறது. அத்தைக்குத்தான் படிக்கத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே.

இன்னொன்று. நான் எழுதுவதை அத்தைக்கு முழுதாக வாசிக்கிறீர்களா? முதல் கடிதத்தில் நான் எழுதிய 'காரணம்' பத்திக்கு இரண்டு மாதமாக அத்தையிடமிருந்து ஒரு வசவுகூட வரவில்லை. ஊறுகாயில் உப்பு என்றதற்கு வந்தது. இதற்கு வரவில்லை. கணக்கு இடிக்கிறது.

மேலாளர் தினமும் கேட்கிறார். வரும் மாதம் அங்கு ஒரு பரிசோதகர் வந்து இறக்கையைப் பார்ப்பார் என்கிறார். அதற்குள் இறக்கையை எடுத்து அனுப்ப முடிந்தால் நல்லது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

பழனிக்குமார்


மேட்டுக்களம், 05.04.2025

அன்புள்ள தம்பிக்கு, மணிமேகலை எழுதுகிறேன். நான் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அத்தை தினமும் கேட்கிறார். நான் "சாப்பிடுகிறாராம்" என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பத்தியை நான் வாசிக்கவில்லை. உங்கள் கடிதத்தை வாங்கி முதலில் மனதுக்குள் படித்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பி, "எனக்குத் தேவையானவை இரண்டு" என்று வாசித்தேன். வாசித்திருந்தால் அத்தை என்னைத் திட்டியிருக்க மாட்டார், பஸ் ஏறிப் பெங்களூருக்கு வந்திருப்பார். அந்த முழங்காலோடு. அதனால்தான் தென்னை மரம் என்றும் சொன்னேன்.

உங்கள் படிவமும் என் போலீஸ் படிவமும் மேசை மேல் ஒரே கல்லுக்கு அடியில் இருக்கின்றன. உங்களுடையதில் "எனது கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தது" என்று அச்சடித்திருக்கிறது. செத்தது ஆடு என்று எங்கும் அச்சடிக்கவில்லை. என்னுடையதில், ஏதேனும் விபத்து, வழக்கு, விசாரணையில் சம்பந்தப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுடையதில் கையெழுத்துப் போட்டால் என்னுடையதில் "இல்லை" என்று எழுத முடியாது. "ஆம்" என்று எழுதினால் ஆர்டர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. போடாவிட்டால் உங்கள் சான்றிதழ் போகும். இரண்டு தாளையும் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கல்லை வைத்துவிடுகிறேன்.

நான் சரியாக வீசவில்லை என்று நீங்கள் சொன்னால் இருக்கலாம். எனக்கு டிகிரி தெரியாது. அன்று காலை நடந்ததில் எனக்கு நினைவிருப்பது இதுதான். அத்தை அடுப்படியிலிருந்து "ஏலே, தோச ஆறுது" என்று மூன்று தடவை கூப்பிட்டார். நீங்கள் கையில் ஒரு பட்டியல் வைத்து ஒன்று, இரண்டு என்று உரக்க வாசித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தீர்கள். எட்டு வரை கேட்டது. அப்புறம் பத்து என்றீர்கள். ஒன்பது எனக்குக் கேட்கவில்லை. காற்று அதிகம், அதனால் இருக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும். உங்கள் விமானத்தில் இடது வயருக்குச் சிவப்பு டேப், வலது வயருக்குப் பச்சை டேப் ஒட்டியிருந்தீர்கள். செருகும் துளைகளுக்கும் அப்படியே ஒட்டியிருந்தீர்கள். சாமியிடம் இருக்கும் இடது இறக்கையின் வயர், துளையோடு சேர்ந்தே பிய்ந்து வந்திருக்கிறது. பூ வைக்கும்போது பார்த்தேன். சிவப்பு வயர் பச்சைத் துளைக்குள் இருக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டுமா?

நீங்கள் படித்தவர். அப்படித்தான் என்று சொன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

மணிமேகலை


சாதாத் தபால்
மேட்டுக்களம், 23.04.2025

அப்பு பழனிக்கு அத்தை எழுதுறது. ரிசிஸ்தர் போடல. கோவமில்ல.

பதினஞ்சு நாளைக்கு மேலாச்சு, ஒன்கிட்ட இருந்து ஒரு வரியக் காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லயா? நான் போன் எடுக்க மாட்டேன்னு சொன்னதுக்காக நீ போனே பண்ணாம இருப்பியா? ஒங்கப்பனும் இப்புடித்தான், கிழக்க பாருன்னாக் கிழக்கயே பாத்துக்கிட்டு நிப்பான்.

இங்கயும் ஒண்ணும் சரியில்ல. மணிமேகலைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. வெஞ்சனம் அப்புடியே இருக்கு. போலீசுப் பாரம் எழுத இன்னும் இருவது நாளுதான் கெடு. எழுதுடின்னா, "பேனாவுல மை இல்லத்தே"ங்குது. பேச்சாயி கடையில அஞ்சு பேனா வாங்கிக் குடுத்தேன். அஞ்சுலயும் மை இல்லையாம்.

நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட என்னத்தையோ மறைக்கிறீக. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, மூஞ்சி பாக்கத் தெரியும். "இதையும் எழுதுடி"ன்னேன். எழுதிருச்சு பாரு, கல்லு மாதிரி.

கிடா கூட நீ வாங்க வேணாம். நீ வந்தாப் போதும். வாரேன்னு ஒரு வரி போடு.

சிவனம்மா, கைநாட்டு


பெங்களூரு, 01.05.2025

அன்புள்ள அத்தைக்கும் மணிமேகலை அக்காவுக்கும்,

நான் நலமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. அக்காவின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபது நாள் திரிந்தேன். பதில் எழுதப் பதினொரு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் காற்றின் வேகத்திலேயே ஆரம்பித்தேன். காற்று அன்று சாதாரணமாகத்தான் இருந்தது.

அக்கா, அது அப்படி இருக்கக் கூடாது. சிவப்பு சிவப்பில்தான் செருக வேண்டும். மாற்றிச் செருகினால், ஓட்டுபவன் வலப்பக்கம் திருப்பத் திருப்ப விமானம் இடப்பக்கம் சாயும். அப்படித்தான் சாய்ந்தது. செருகியவன் நான். தவறாகச் செருகினால் கண்டுபிடிப்பதற்காகத்தான் பட்டியலில் ஒன்பதாம் வரி இருக்கிறது: ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கைத் தகடு மேலே எழ வேண்டும், எழுகிறதா என்று வீசுபவர் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். பதினைந்து விநாடி வேலை. தோசை ஆறுகிறது என்று விட்டுவிட்டேன். ஆறிய தோசையைக் கடைசியில் யாருமே சாப்பிடவில்லை.

இது எனக்குப் பெங்களூருக்குத் திரும்பிய மறுநாளே தெரியும். விமானத்தின் பதிவில் எல்லாம் இருந்தது. நீங்கள் வீசிய கோணமும் இருந்தது. பதினான்கு டிகிரி. நான் நான்கு என்று எழுதினேன். அதனால்தான் இறக்கை அவசரம், வயரை உற்றுப் பார்க்க வேண்டாம் என்றெல்லாம் எழுதினேன். பார்க்க வேண்டாம் என்று நான் எழுதியதால்தான் நீங்கள் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன்.

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பதிவையும் கொடுத்தேன். மூன்று மாதம் நான் ஓட்டக் கூடாது. கிடங்கில் திருகாணி எண்ணும் வேலை. மேலாளர் எல்லாம் கேட்டுவிட்டு, "செத்தது ஆடா?" என்று ஒருமுறை கேட்டார். "சாமி ஆடு" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

அக்கா, போலீஸ் படிவத்தில் "இல்லை" என்று எழுதுங்கள். அது பொய் அல்ல. பேனாவில் மை இருக்கிறது.

அத்தைக்கு: வாரேன். இனிச் செய்யப்போவது கீழே.

1. என் படிவத்தை அக்கா கிழித்து அடுப்பில் போட வேண்டியதில்லை. நானே வந்து போடுகிறேன். என் பெயர் எழுதிய புதுப் படிவத்தை நேற்றே கொடுத்துவிட்டேன்.

2. புதன் இரவு பஸ் ஏறி, வியாழன் காலை அய்யலூர் சந்தையில் இறங்குவேன். கறுப்புக் கிடாய், வெள்ளை முடி இல்லாமல். வயிற்றையும் புரட்டிப் பார்ப்பேன். எச்சில் தொட்டுத் தேய்த்தும் பார்ப்பேன். சூத்திரம் போட மாட்டேன்.

3. கிடாயைத் தரை வழியாகவே கொண்டு வருவேன்.

4. வெள்ளிக்கிழமை நானே தண்ணீர் ஊற்றுவேன். அது சிலுப்பும் வரை நிற்பேன். இருட்டினாலும் நிற்பேன். நரம்பு பற்றிப் பேச மாட்டேன்.

5. இறக்கையைக் கேட்க மாட்டேன். பரிசோதகர் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். சிவப்பு வயர் பச்சைத் துளையிலேயே இருக்கட்டும். துபாய்க்குப் போகிற பையனிடம் மட்டும், இதே இறக்கைதான், இன்னொன்று இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

6. பேச்சாயி அக்காவுக்கு இந்த முறை கறி உண்டு என்று நானே நேரில் போய்ச் சொல்வேன்.

7. இந்தக் கடிதத்தை அக்கா அத்தைக்கு ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும். முதல் கடிதத்தின் 'காரணம்' பத்தியையும் எடுத்து வாசிக்க வேண்டும். வாசித்தீர்களா என்று நான் கேட்க மாட்டேன். வாசலில் நான் இறங்கும்போது அத்தையின் கையில் இருக்கும் பொருளைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

8. அது வெளக்குமாறாக இருந்தால் வாங்கிக்கொண்ட பிறகுதான் உள்ளே வருவேன்.

9. மூன்று மாதம் கழித்து அதே தோட்டத்தில் மறுபடியும் ஏவுவேன். அக்காவுக்கு ஆர்டர் வந்திருந்தால் ஒருநாள் லீவு போட்டு வந்து வீசித் தர வேண்டும். இந்த முறை ஒன்பதாம் வரியை நான் சத்தமாக வாசிப்பேன். அக்கா பார்த்துவிட்டு "சரி தம்பி" என்று சொல்லும்வரை, எந்தத் தோசை ஆறினாலும், விசையைத் தொட மாட்டேன்.

பழனிக்குமார்